படகு ஓடத் தகுந்தது

கடலோரத்து உப்புவெளியில் வீடு கட்டுகிறவர்கள் யன்னலுக்கு இரும்புக் கம்பி போடக் கூடாது. இரண்டு மாரிகூடத் தாங்காது. முப்பத்தொரு வருடம் கடற்படையில் இருந்தவன் நான். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற பிறகும் துறைமுகத்துப் பழைய படகுகளைப் பரிசோதிக்கும் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. மூதூரிலிருந்து தொழிலாளரை ஏற்றிவரும் படகை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். துறைமுக அமைச்சின் செயலாளர் கடலில் கால் நனைக்காதவர். படகை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் போடவில்லை. என்னைப் போன்ற இரண்டு முன்னாள் அதிகாரிகளோடு சேர்ந்து பத்திரிகையாளர் கூட்டம் வைத்தேன். இந்தப் படகு ஒருநாள் ஆட்களோடு தாழும் என்றேன். வந்திருந்த பத்திரிகையாளர்கள் மூன்றே பேர். பென்சன்காரருக்குப் பொழுது போகவில்லை என்று செயலாளர் மறுநாள் சொல்ல, நாடே சிரித்தது.

அடுத்த பரிசோதனையில் படகின் மெக்கானிக் முனாப் என்னிடம் வந்தார்.

"சேர், தண்ணி இறைக்கிற பம்பு வேலை செய்யுதில்ல. இதோட ஓட ஏலாது. எழுதி விடுங்க."

"ஓம் முனாப், நான் பாத்துக்கொள்ளுறன். நீங்க போங்க."

நான் எழுதவில்லை. 'ஓடத் தகுந்தது' என்று கையெழுத்திட்டேன். பிறகு அடிப்பலகையைத் தூக்கி, கடல்நீர் உள்ளே வரும் குழாயின் பிடியை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். ஆளில்லாத படகு தாழ்ந்தால் எந்தப் பத்திரிகையும் எழுதாது என்பதையும் யோசித்துத்தான் செய்தேன்.

மறுநாள் காலை பத்தொன்பது பேர் ஏறினார்கள். மாரிக் கடல். பாதி வழியில் படகு தாழ்ந்தது. ஆறு பேர் கரைசேரவில்லை. முனாப்பும் அவர்களில் ஒருவர்.

அடுத்த கூட்டத்துக்கு நாற்பது பத்திரிகையாளர்கள் வந்தார்கள். என் பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்த வாரமே செயலாளர் பதவி விலகினார்.

முனாப்பின் மனைவி நஜ்முன் நிஸா என் வீட்டுக்கு வந்தார். "எங்கட ஆக்களுக்காகக் கதைச்சது நீங்க மட்டும்தான், சேர்," என்று சொல்லி அழுதார். கதிரையில் இருக்கச் சொன்னேன். பிளேன்டீ கொடுத்தேன். அவர் போன பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

நான் எதையும் மறுக்கவில்லை. பிடியைத் தளர்த்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். இப்போது மூதூருக்குப் புதிய படகு ஓடுகிறது. அதையும் எழுதுங்கள். அந்த ஆறு பேரைக் கொன்றவரை மட்டும் ஏன் இன்னும் நீங்கள் கூப்பிட்டு விசாரிக்கவில்லை? செயலாளரின் முகவரி என்னிடம் இருக்கிறது.