அருஞ்சுனை மேஸ்திரியார் கட்டிய பிக்கப்பு வண்டி

கானல் ஓடும் கரிசற் சீமையிலே, பேருக்கேற்ற ஊற்றாய்ப் பிறந்தவரே! இரும்பை இளக்கி, மரத்தை இழைத்து, மோட்டார் வண்டிகளுக்கு மேனி கொடுத்த மேதையே! கோபத்தில் கோடையிடி, குணத்தில் ஐப்பசி மழை எனப் பட்டறை முழுதும் பேசும் பெரியவரே! அருப்புக்கோட்டை நாகையா மோட்டார் சர்வீஸின் பட்டறைத் தலைமையிலிருந்து இன்று ஓய்வு பெறும் அருஞ்சுனை மேஸ்திரியாரே! வணக்கம்.

பிக்கப்பு வண்டியின் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும் என்று அஞ்சி, நாங்கள் சொல்லத் துணிந்தோம். இந்த ஒரு நாள் மட்டும் குறுக்கே பேசாது கேட்டருள வேண்டுகிறோம்.

யுத்தம் ஓய்ந்த மறு வருஷம், பட்டாளத்து ஏலத்தில் பெரியதொரு பிக்கப்பு வண்டியை எடுத்து வந்தார் நம் முதலாளி, நூல் வியாபாரி நாகையா அவர்கள். முன்னே எஞ்சினும் டிரைவர் அமரும் கூண்டும் இருந்தன. பின்னே வெறும் இரும்புச் சட்டம். அதைச் சுற்றிச் சுற்றி வந்த அருஞ்சுனையாருக்கு ஆசையொன்று முளைத்தது. சந்தை நாளில் பஞ்சு, மறுநாள் நூல் மூட்டை, முகூர்த்த நாளில் கலியாணக் கூட்டம். அத்தனைக்கும் ஒரே வண்டி!

“பஸ்ஸுக்குப் பஸ்ஸு, லாரிக்கு லாரி. பாத்துக்கிட்டே இருங்க முதலாளி!” என்றார்.

நாற்புறமும் ஆளுயரத்துக்குக் கனத்த பலகைச் சுவர் எழுப்பினார். கோட்டை போல நிமிர்ந்தது வண்டி. கோட்டை போலவே கனக்கவும் செய்தது. மழை பெய்த ஒரு காலையில், பாலவனத்தம் பாதையில், பஞ்சு லோடோடு பள்ளத்தில் சாய்ந்தது. டிரைவர் செல்லப்பாண்டிக்குத் தோள்மூட்டு பிசகியது. பஞ்சுக்கு உடையவர், திருச்சுழிப் பக்கத்தில் பருத்தி விளைவிக்கும் சம்சாரி அழகுத்தாய் அம்மாள், சேற்றில் கிடந்த தம் வெள்ளாமையைப் பார்த்துக் கொதித்தார்.

“ஏத்துறதுக்கும் ஏணி, எறக்குறதுக்கும் ஏணி. சாஞ்சா அள்ளி எடுக்கவும் வழியில்ல. இது வண்டியா மேஸ்திரி, தானியம் கொட்டுற குலுக்கையா?”

அதைக் கேட்ட அருஞ்சுனையார் பட்டறைக்குத் திரும்பவில்லை. நேரே செல்லப்பாண்டியின் வீட்டுக்குப் போனார். “வண்டி சாயலப்பா. எம்புத்திதான் சாஞ்சிருச்சு. நீ கொணமாகி வா. இனிச் சாயாத வண்டி தாரேன்” என்றார்.

முதலாளியோ வண்டியை விற்றுவிடத் துணிந்தார். காரியாபட்டி வியாபாரி ஒருவர் வாங்க முன்வந்தார். “அடுத்த மாசம் வரைக்கும் வித்துப்புடாதீக” என்று மன்றாடித் தவணை பெற்றார் அருஞ்சுனையார். தாம் எழுப்பிய சுவரைத் தம் கையாலேயே பெயர்த்தார். தளத்தைத் தாழ்த்தினார், பலகையை இடுப்பளவாகக் குறைத்தார், மூன்று பக்கமும் கீல் வைத்து, வேண்டும்போது கீழே மடங்கச் செய்தார். உள்ளே, மடக்கினால் ஒட்டிக்கொள்ளும், உருவினால் கையோடு வரும் பெஞ்சுகள். மேலே வளைகம்பியில் இழுத்து மூடும் தார்ப்பாய். முடித்ததும் அழகுத்தாய் அம்மாளையே ஆளனுப்பி அழைத்தார். அவர் தலைச்சுமையை ஏணியின்றி நேரே தளத்தில் தள்ளிப் பார்த்து, “இப்பத்தேன் இது வண்டி” என்றார்.

தவணை முடியும் நாள் வந்தது. வியாபாரி பட்டறையில் காத்திருக்க, கடைசியாக ஒரு சவாரி பார்ப்போம் என்று முதலாளியும் அருஞ்சுனையாரோடு ஏறினார், தோள் குணமாகித் திரும்பிய செல்லப்பாண்டி ஓட்டினார். வழியில், சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் சுவர் மழையில் ஊறி இடிந்து, மூட்டை சுமந்த ஆண்களும் பெண்களும் அகப்பட்டிருந்தார்கள். இடுப்பொடிந்தவர்களை உட்காரவைத்துக் கொண்டுபோக முடியாமல் ஒரு பஸ் தவித்து நின்றது.

“ஏலே செல்லப்பாண்டி, பக்கப் பலகையச் சாய்! முதலாளி, அந்தப் பெஞ்ச உருவுங்க!” முதலாளியையே ஏவுகிறோம் என்ற நினைவும் அவருக்கு இல்லை, ஏவப்பட்டோம் என்ற நினைவு முதலாளிக்கும் இல்லை. பெஞ்சுகள் தூக்குப் பலகைகளாயின. அடிபட்டவர்கள் அலுங்காமல் தளத்தில் ஏறினார்கள். தார்ப்பாய் மழையைத் தடுத்தது. பின்பலகையில் தொற்றி நின்று, முனகும் ஒவ்வொருவரிடமும், “இந்தா ஆஸ்பத்திரி வந்திருச்சு தாயீ, இந்தா வந்திருச்சுய்யா” என்றபடியே வந்தார் அருஞ்சுனையார். முன்பு சாய்ந்த அதே பள்ளத்தருகே முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நிமிர்ந்தே கடந்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் பிழைத்தார்கள். எவரையும் எமன் வாங்கவில்லை!

சேறு அப்பிய வேட்டியோடு பட்டறைக்குத் திரும்பிய முதலாளி வியாபாரியிடம் சொன்னார்: “வண்டி விக்கிறதுக்கில்லய்யா. வேணும்னா எங்க மேஸ்திரிகிட்டச் சொல்லி ஒண்ணு கட்டிக்கிடுங்க.” வியாபாரியும் கட்டிக்கொண்டார்! பின்னர் வரிசை வரிசையாய் வந்தன வெற்றுச் சட்டங்கள். வீறுகொண்டு போயின பிக்கப்பு வண்டிகள். இன்று மதுரைச் சாலையில் பக்கம் மடங்கும் வண்டி எது போனாலும், சின்னஞ்சிறுசுகளும் “அருஞ்சுனை வண்டி” என்றே கூவுகின்றன.

பெருந்தகையீர்! கண்ணொளி மங்காமல், கைவலி காணாமல், உண்டது செரித்து, உறவு சூழ, நூறாண்டும் நோயின்றித் தாங்கள் வாழவேண்டும். நாங்கள் ஓட்டும் எந்த வண்டியிலும் முன்னிருக்கை இனித் தங்களுடையது. டிக்கெட்டு இல்லை. டிரைவரை வழிநெடுக வைதுகொண்டே வரலாம்!

அன்பு மாறாத,
பட்டறைத் தொழிலாளரும் டிரைவர்களும்,
நாகையா மோட்டார் சர்வீஸ்,
அருப்புக்கோட்டை, 1949.