டாக்டர் ஞானஜோதி எழுதிய இரண்டு மாத்திரைகள்

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் லோகநாதன் அவர்களே, ஞானஜோதி அம்மாவின் வீட்டாரே, சேலையூர் கேம்ப் ரோட்டுக் கடைக்காரர்களே, அம்மாவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களே, வணக்கம். நான் பெயின்ட் கடை சம்பத். மேடைப் பேச்சு வராது. கடைப் பேச்சுதான் வரும்.

டாக்டர் ஞானஜோதி அம்மா போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மண்ணில் வைத்தோம். இனி யாரிடம் போய் நிற்பது?

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் எனக்கு மார்பில் அக்கி வந்தது. படப்பைக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டேன். கொப்புளம் உதிர்ந்தது, வலி போகவில்லை. சட்டை பட்டால் தீ! ஃபேன் காற்று பட்டால் ஊசி! கல்லாவில் வெற்றுடம்போடு உட்கார்ந்தேன். "முதலாளி குஸ்திக்குப் போறாரா?" என்று கேலி வேறு.

அம்மா ஒரு மாத்திரை எழுதினார்கள். மருந்துக்கடை தனசிங் அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "இன்னாண்ணா, இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே! வூட்ல யாருக்கு?"

நேரே அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "நான் பைத்தியமா மேடம்?"

"பைத்தியமா இருந்தா இவ்ளோ பாயின்ட்டா சண்டை போடுவீங்களா? நரம்பு வலிக்கும் இது கேக்கும். படுக்கும்போது போடுங்க."

போட்டேன். வாய் வறண்டது, காலையில் தூக்கம் சொக்கியது. ஆனால் வலி பாதியானது. சட்டை போட்டேன்! பிறகு நெஞ்சு தாறுமாறாக அடிக்க, அம்மாவே அதை நிறுத்தினார்கள். அடுத்து அபின் வகை மாத்திரை.

"வலி இன்னும் குறையும் சம்பத். மலச்சிக்கல் வரும். பழகிப்போற அபாயமும் உண்டு. வாராவாரம் நீங்களே நேர்ல வரணும்."

"ரெண்டுல எது நல்ல சரக்கு மேடம்?"

"ரெண்டும் கேக்கும். உங்க உடம்பு எதைத் தாங்குதோ அதுதான் நல்லது."

எதையாவது மறைத்தார்களா? இல்லையே!

அன்று ஊரார் என்னைப் பைத்தியம் என்றார்கள், இன்று அபின்காரன் என்கிறார்கள். பழைய மாத்திரைக்குத் திரும்ப நெஞ்சு விடாது. இதைத் திடீரென்று விடவும் உடம்பு விடாது. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா மட்டும்தான் என்னை நோயாளி என்றார்கள்!

கையிருப்பு தீரப்போகிறது. நேற்று லோகநாதன் சாரிடம் போனேன். "கேன்சரா? இல்லைன்னா எழுத மாட்டேன். நாளைக்கு என் மேல கேஸ் வந்தா?" என்றார். அந்தப் பயம் நியாயம். அம்மாவுக்கும் அது இருந்தது. பயந்துகொண்டேதான், பரிசோதித்து, எழுதினார்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னீர்கள். சாரும் சொன்னார். நானும் சொல்கிறேன்: இந்த வலியோடு வெட்கப்பட்டு ஒளிந்திருப்பவர் யாராயினும் என் கடைக்கு வாருங்கள், மருந்துக்கடைக்குக் கூடவே வருகிறேன். ஆனால் மருந்துச் சீட்டு நான் எழுத முடியாதே!

லோகநாதன் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதோ மைக். நாளைக்கு எனக்கு எழுதித் தருவீர்களா?