சிலோனில் இருக்கிறார்

— கடலை உடைக்கிறத நிப்பாட்டாதக்கா. உடச்சுக்கிட்டே கேளு. எதுத்த வீட்டுக்காரி இங்கயேதான் பாக்குறா.

— சொல்ல வந்ததச் சொல்லு மலையாண்டி. மார்க்கெட்டுல மூட்ட எறக்குற நேரத்துல இங்க வந்து நிக்கிற. உன் மூஞ்சியே சரியில்ல.

— பாண்டி எங்க?

— பள்ளிக்கூடம் போயிருக்கா. யாருக்கு என்ன?

— மச்சான் போயிட்டாருக்கா. விடிய வெள்ளன. வில்லாபுரத்துல, அந்தப் பொம்பள வீட்டுலயே.

— என்னடா சொல்ற?

— கை நிக்குது பாரு. உடை.

— உடைக்கிறேன். யாரு சொன்னா?

— அந்தத் தெருக்காரரு ஒருத்தரு காய் வாங்க வந்தாரு. எங்க தெரு சிலோன்காரரு வெள்ளைத்துரை செத்துட்டாருன்னு பேச்சோட பேச்சாச் சொல்லிட்டுப் போறாரு. போட்டது போட்டபடி ஓடுனேன்.

— அங்கயும் சிலோன்காரருன்னுதான் கூப்புடுறாகளா?

— ம்.

— எப்படிப் போச்சாம்?

— நெஞ்சு வலிக்குதுன்னாராம். தண்ணி கேட்டாராம். கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

— நீ பாத்தியா?

— பாத்தேன். பெஞ்சுல கெடத்திருக்காக. மெலிஞ்சு போயிட்டாரு. மொட்ட போட்டிருந்தாரு.

— மொட்டையா? சீப்பு ஒடையிற முடியாச்சேடா அது. பழனிக்குப் போனாராமா?

— கூட்டத்துல அதயெல்லாம் கேக்க முடியுமா?

— உன்ன யாருன்னு கேக்கலையா?

— மார்க்கெட்டுல பழக்கம்னேன்.

— மச்சினன்னு சொல்ல வாய் வரலையா உனக்கு?

— வரலக்கா.

— எப்ப எடுக்குறாக?

— சாயங்காலம். அவளுக்குப் பய இருக்கான்ல. அவன் கொள்ளி வைக்கிறான்.

— சரி.

— இங்க பாருக்கா. பஸ்ஸுல வரும்போதே யோசிச்சேன். தப்பா நெனைக்காத. இப்ப ஊரு ஒலகமே சிலோனப் பத்தித்தான் பேசுது. கடையெல்லாம் அடச்சு உண்ணாவிரதம் இருந்தாக. கலவரத்துல மச்சான் செத்துட்டாரு, தாக்கல் வந்துச்சுன்னு சொல்லிரு. ஒருத்தன் ஏன் எப்படின்னு கேக்க மாட்டான்.

— எட்டு வருசமா நான் சொன்ன பொய்ய நீ முடிச்சு வைக்கிற.

— நான் அன்னிக்கே கேட்டேன். ஏன்க்கா சிலோன்னு சொல்ற, பம்பாய்னு சொல்லேன்னு.

— பம்பாய்னா யாராவது போய்ப் பாத்துட்டு வந்துருவாக. துபாய்னா என்ன அனுப்புனாருன்னு கேப்பாக. திருவாதவூருல சிலோன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. அம்மாச்சி தம்பி போனாரு. மேலத்தெரு நல்லகாமன் அப்பா போனாரு. போனா போனதுதான். இவரு பொறந்ததும் அங்கதான. தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பப் போயிட்டாருன்னேன்.

— எல்லாரும் அங்கருந்து கப்பல்ல திரும்பி வந்துக்கிட்டிருக்கயில, இவரு மட்டும் போனாருன்னு.

— அதுக்கும் தலையாட்டுனாகளே. புருசன் ஓடிப்போன வீட்டுல என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வாக. இப்ப பத்து நாளா வாசல்ல ஆளு மாத்தி ஆளு. 'சீனியம்மா, உன் வீட்டுக்காரரு தாக்கல் வந்துச்சா'ன்னு. ஒருத்தி அழுகவே செஞ்சா. நான் அவளுக்கு மோர் குடுத்துத் தேத்தி அனுப்புனேன்.

— பாண்டி என்ன சொல்றா?

— அத ஏன் கேக்குற. ரேடியோவுல சேதி சொன்னன்னிக்கு நான் பயந்து பயந்து அவ மூஞ்சியப் பாக்குறேன். அவ பாட்டுக்குச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டு, 'பாவம்மா இலங்கைக்காரவுக'ங்குறா.

— ஏன், அவளுக்கு ஒண்ணும் தோணலையா?

— இலங்கை வேற, சிலோன் வேறன்னு நெனச்சுக்கிட்டிருந்திருக்காடா. ரேடியோவுல இலங்கைங்குறான். புத்தகத்துல ஸ்ரீலங்கான்னு போட்டிருக்கு. நான் சொன்னது சிலோன். அவளுக்கு மூணும் மூணு நாடு. அப்பா இருக்குற நாட்டுல சண்ட இல்லன்னு நிம்மதியா இருந்தா.

— அப்பறம்?

— டீச்சரு மேப்பத் தொங்கவிட்டுச் சொல்லிக் குடுத்துட்டாக. மூணும் ஒண்ணுதான், சிலோன்ங்குற பேர எடுத்தே பதினோரு வருசமாச்சுன்னு. வந்து வாசப்படியிலயே நின்னா. பைய எறக்கல. 'பேர மாத்துனது அப்பாவுக்குத் தெரியுமாம்மா'ன்னு கேட்டா.

— நீ என்ன சொன்ன?

— தெரியும்னேன். 'அப்ப அப்பா இருக்குறதும் இலங்கைதானா'ன்னா. நான் அடுப்ப ஊதிக்கிட்டே இருந்துட்டேன். அன்னியிலருந்து சோறு எறங்கல அவளுக்கு. சாயங்காலமானா ரேடியோ வச்சிருக்க வீட்டு வாசல்ல போய் நிக்கிறா. செத்தவுக பேரச் சொல்லுவாகளான்னு கேக்குறா.

— அதுக்குத்தான் சொல்றேன். இன்னியோட முடிச்சிரு. அழுது தீத்துருவா.

— நேத்து வரைக்கும் நானும் அதத்தான்டா நெனச்சேன். கலவரத்துல போயிட்டாருன்னு சொல்லித் தாலியக் கழத்தி வச்சிருவோம்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நான் நெனச்ச நெனப்புதான் அங்க போய் அவரத் தொட்டுருச்சோ என்னமோ.

— கிறுக்கு மாதிரிப் பேசாத. நெஞ்சு வலிக்கு நீ என்ன செய்வ?

— அந்தப் போட்டோ இருக்கா அங்க?

— எந்தப் போட்டோ?

— டவுன்ஹால் ரோட்டு ஸ்டூடியோவுல எடுத்தது. நான் ஸ்டூலுல உக்காந்திருப்பேன். மடியில பாண்டி, கையில ரப்பர் வாத்து. போகயில மாத்துத் துணி கூட எடுக்காத மனுசன், அத எடுத்துட்டுப் போயிட்டாரு.

— இப்ப எதுக்குக்கா அது?

— கேக்குறேன்ல.

— இருக்கு.

— பொட்டியிலயா?

— செவத்துல.

— செவத்துலயா? அவ வீட்டுலயா?

— விடுக்கா.

— வாரவுக போறவுக பாக்குறாப்புலயா மாட்டிருக்காரு? அப்ப அவரு எங்கள மறைக்கலடா. நான்தான் மறச்சிருக்கேன். ரெண்டு பஸ்ஸு மாறுனா போயிர்ற மனுசன நான்தான் கடலுக்கு அங்கிட்டுக் கொண்டுபோய் வச்சேன்.

— உடைக்கா. எதுத்த வீட்டுக்காரி பாக்குறா.

— பாத்துட்டுப் போறா. நான் வாரேன். பள்ளிக்கூடத்துல போய்ப் பாண்டியக் கூப்புடு.

— வேணாம்க்கா.

— புள்ள மொகத்தப் பாக்கட்டும். இலங்கையிலயும் சாகல, சிலோன்லயும் சாகலன்னு தெரிஞ்சுக்கிரட்டும். என்னயத் திட்டுனா திட்டட்டும். இல்லாத ஊருல அப்பன் வெந்து கெடக்குறாருன்னு நெனச்சு நெனச்சுத் தேயிறதுக்கு அது தேவல. கேப்பா, இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஏன் வரலன்னு. அழட்டும். நானும் கூட உக்காந்து அழுதுக்கிறேன்.

— சொன்னாக் கேளு. போக வேணாம்.

— ஊரு சிரிக்கும்னு பாக்குறியா?

— ஊருக்காகச் சொல்லல.

— பின்ன? அந்த ரெங்கம்மா வெளக்கமாத்த எடுப்பாளா? எடுக்கட்டும். ஓரமா நின்னு பாத்துட்டு வந்துர்றோம்.

— எடுக்க மாட்டா. அவ நல்லவளாத்தான் தெரியிறா. உங்க ரெண்டு பேரு பேரயும் சொல்லித்தான் அழுகுறா.

— எங்க பேரயா? அப்ப என்னடா ஒனக்கு? கூப்புடு புள்ளய.

— அக்கா, மச்சான் அங்க சொல்லி வச்சிருக்கது வேற. கப்பல்ல வந்தவன், பொண்டாட்டியும் புள்ளயும் இன்னும் சிலோன்லதான் இருக்காகன்னு சொல்லித்தான் அந்தத் தெருவுல குடியேறிருக்காரு.

— யாரு, நாங்களா? சிலோன்லயா?

— எட்டு வருசமா. பேப்பர் வரல, கப்பலுக்குச் சீட்டு வரலன்னு.

— சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலடா. சரி. அவரு சொன்னபடியே இருக்கட்டும். சீட்டு வந்துருச்சு, கப்பல் ஏறி வந்துட்டோம்னு சொல்லு. இம்புட்டுப் பொய் சொன்னோம், கூட ஒண்ணு. கடைசியா மொகத்தப் பாக்கத்தான. கலவரத்துல தப்பிச்சு வந்தவுகன்னா அந்தத் தெருவே வழி விடும். எந்திரி தம்பி. சேலய மாத்திட்டு வாரேன்.

— உக்காருக்கா. தெருவே வந்து கேட்டிருக்கு, உன் பொண்டாட்டி புள்ள என்ன ஆனாகன்னு. கலவரத்துல செத்துட்டாகன்னு சொல்லி, போன வாரம் மொட்டையப் போட்டு உங்க ரெண்டு பேருக்கும் காரியம் பண்ணிட்டாரு. அந்தப் போட்டோவுக்கு மாலை போட்டிருக்குக்கா.