கிளவுஸ் விரியும்போது

— ஷார்ட்ஸ்டாப் பையனையும் தூக்கிட்டாங்களா? நேத்துகூட இங்கதானே நின்னான்!

— காலையில பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்களாம், ஆர்லன். பொரி விக்கிற பொண்ணு சொன்னா. மேல் டீமுக்குப் போயிட்டான்.

— வரிசையா பதினொரு ஆட்டம் தோத்து நிக்கிறோம். மொத்தக் கூட்டத்துல பந்தைப் பிடிக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன். தூக்கறதுக்கு அவன்தானா கிடைச்சான்?

— நல்லா ஆடினான், தூக்கினாங்க. உக்காரு. பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது.

— பின்னாடி யாரு? ரெண்டு புறா உக்காந்திருக்கு. அதுங்களும் ஏழாவது இன்னிங்ஸ்ல கிளம்பிடும். நோரீன், நாம பேஸ்பால் டீமா, நாத்தங்காலா? வளர்த்து விடறது நாம, பிடுங்கிட்டுப் போறது பெரிய க்ளப். நல்லா ஆடினா மேல. மோசமா ஆடினா வீட்டுக்கு. ரெண்டுங்கெட்டானா இருந்தா நமக்கு. இத்தனை வருஷமா இந்த ரெண்டுங்கெட்டானுங்களுக்குத்தான் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்.

— யாரும் உன்னைக் கத்தச் சொல்லல.

— அங்க பாரு. மூணாவது பேஸ்காரனை ஷார்ட்ஸ்டாப்புக்கு நகத்திட்டு, மூணாவது பேஸ்ல யாரு? ரிசர்வ் கேட்சர்! முட்டி மடங்காத ஆளு! குனிஞ்சா நிமிர்த்தி விட ரெண்டு பேர் வேணும். முதல் பேஸ்ல இருக்கான் பாரு, மேல இருந்து இறக்கி விட்டவன். விருந்துல குறை கண்டுபிடிச்ச மாப்பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு நிக்கிறான். எழுதி வச்சுக்கோ, இந்த வருஷமும் நம்ம கெளுத்தி டீம் கடைசிதான்.

— போன வருஷமும் எழுதி வச்சேன். இருக்கட்டும், ஒரு ரன் முன்னால இருக்கோம், அதைப் பாரு. இந்தா, பொரி. கொஞ்ச நேரம் வாய்க்கு வேலை கொடு.

— கையில என்ன கட்டு?

— ஊறுகாய் பாட்டில் மூடி. திறக்கவே வரல.

— என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?

— நீ சோளக் குடோன்ல இருந்தே. பாட்டிலைத் தூக்கிட்டு அங்க வரவா?

— அப்புறம், பக்கத்து வீட்டு ஹில்டா என்கிட்ட கேக்கறா, நம்ம கராஜுக்குப் பின்னால பகல் பூரா தொம் தொம்னு சத்தமாம். மரங்கொத்தியான்னு கேட்டா.

— கம்பளத்தைத் தொங்கப்போட்டு அடிச்சேன்.

— ஒரு வாரமாவா?

— நம்ம வீட்டுக் கம்பளம் எவ்வளவு அழுக்குன்னு உனக்கு என்ன தெரியும்? பூட்ஸோட அது மேல நடக்கிறவன் நீ.

— ஷ்ஷ். நோரீன், மெதுவா திரும்பு. ரொம்பத் திரும்பாதே. அடிக்கிறவன் நிக்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால, வைக்கோல் தொப்பி.

— பாஸ்டர் தம்பி மாதிரி இருக்கு.

— பாஸ்டர் தம்பி மடியில பந்து வேகம் அளக்கிற துப்பாக்கி எதுக்கு? பெரிய க்ளப் ஆளு அவன். அவன் வந்துட்டுப் போற அன்னிக்கு யாராவது ஒருத்தனை மேனேஜர் அறைக்குக் கூப்பிடுவாங்க. உள்ள போனவன் சிரிச்சிட்டே வெளிய வருவான், இல்ல பெட்டி கட்டிட்டு ஊருக்குப் போவான். நடுவுல ஒண்ணும் கிடையாது.

— நம்ம வீட்டுல தங்கியிருக்கிற எலாடியோவுக்காகவா வந்திருக்கான்?

— வேற யாரு மிச்சம் இருக்கா? எட்டு நாளா அவனைக் களத்துல இறக்கவே இல்ல. கடைசியா பந்து எறிஞ்சப்போ ரெண்டு ஹோம்ரன் வாங்கினான், ரெண்டாவது பந்து ஆத்துலயே போய் விழுந்துச்சு. இருபத்து நாலு வயசு, இந்த மட்டத்துக்கு அது கிழவன் கணக்கு. இன்னிக்கு ஏதாவது காட்டினான்னா பிழைச்சான். இல்லைன்னா அவன் நாட்டுக்குப் பிளேன் ஏறி நேரா அம்மா வீட்டுல போய் இறங்க வேண்டியதுதான். அண்ணனோட மோட்டார் பைக்ல சவாரி ஏத்தணும்.

— கர்த்தாவே. அவன் போட்டோவுல காட்டின அந்த தகரக் கூரைக்கு அடியிலயா?

— அதே கூரைதான்.

— ஏப்ரல்ல க்ளப்ல இருந்து கேட்டப்போ நீ என்ன குதி குதிச்சே. ‘இனிமே எந்த ஆட்டக்காரனையும் நம்ம கீழ் ரூம்ல தங்க வைக்கக் கூடாது’ன்னே. இப்போ அவனுக்காக உன் நெத்தியெல்லாம் வேர்க்குது.

— வெயில்ல வேர்க்குது. முன்னால மூணு பையனுங்களைத் தங்க வச்சோமே, ஞாபகம் இருக்கா? அந்த டோபி. நம்ம வீட்டு நாய்கூட அவன் கால்கிட்டதான் படுக்கும். ஜூலையில மேல போனான். போனவன் ஒரு போன் பண்ணினானா? நாய் மூணு வாரம் அந்தக் கதவுகிட்டயே கிடந்தது.

— நாய் மட்டுமா கிடந்தது?

— சரி, விடு.

— டோன் ஆர்லன்! டோன்யா நோரீன்! காத்து தென்மேற்கு! மழைக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு!

— வந்துட்டான் பாரு. எலாடியோ, சாப்பிட்டியா கண்ணு?

— சாப்பிட்டேன் டோன்யா. வாழைக்காய் வறுவல், ரெண்டு தட்டு. சோயா விலை உறுதி. சோளம் கொஞ்சம் இறக்கம்.

— பாத்தியா, நோரீன்? காலை விவசாயச் செய்தி முழுசும் மனப்பாடம். வந்தப்போ ‘தண்ணி’ன்னுகூட கேக்கத் தெரியாது. ஐயா, அம்மான்னு கூப்பிடறது மட்டும் இன்னும் அவன் பாஷையிலதான், ‘டோன்’, ‘டோன்யா’ன்னு.

— உன்கூட உக்காந்து ரேடியோ கேட்டா வேற என்ன பேச்சு வரும்? இந்த ஊர்ல எந்தப் பொண்ணுகிட்ட போய் சோயா விலை சொல்லப் போறானோ. எலாடியோ, போய் எறியறவங்க பெஞ்சுல உக்காரு, எதிர்ப் பக்கத்துல இருந்து கோச் பார்க்கிறார்.

— சரி டோன்யா. நான் இங்கதான், வேலிக்கு அந்தப் பக்கம்.

— நல்ல பையன், நோரீன்.

— ரொம்ப நல்ல பையன். ஆர்லன், ஒண்ணு கேக்கவா? அவன் எறியும்போதெல்லாம் நீ வாய்க்குள்ள என்னமோ முனகறியே, அது என்ன?

— ஜெபம்.

— ஜெபமா? ‘வேகம்’, ‘வேகம்’, ‘வளைபந்து’, ‘வேகம்’. கர்த்தருக்குப் பந்து வகையெல்லாம் சொல்லி ஜெபம் பண்றவன் நீ ஒருத்தன்தான். அவன் எறியறதுக்கு முன்னாலயே சொல்றே. ஒண்ணுகூடத் தப்பறது இல்ல.

— குருட்டு யோகம்.

— ஆர்லன்.

— என்ன?

— சர்ச் டீம்ல எறியற பந்தைப் பிடிக்கிற கேட்சரா இருந்தவ நான். பந்துல குருட்டு யோகம் எது, கண்ணுல பட்டது எதுன்னு எனக்குத் தெரியும். என் மூஞ்சியைப் பாத்து சொல்லு.

— அந்தக் கிளவுஸ்.

— என்ன கிளவுஸ்?

— எறியறதுக்கு முன்னால பந்தைக் கிளவுஸுக்குள்ள வச்சு விரலைப் பொருத்துவான் இல்ல? வேகப்பந்துன்னா கிளவுஸ் மூடியே இருக்கும். வளைபந்துன்னா விரலை முறுக்கிப் பிடிக்கணும், அப்போ கிளவுஸ் விரியும். கொஞ்சம்தான். ஆனா இந்த சீட்டுல இருந்து பார்த்தா நல்லாவே தெரியுது.

— அப்போ எதிர் டீமுக்கு?

— அவங்களும் நம்ம பக்கம்தானே உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் தெரியும். வளைபந்து வருதுன்னு முன்னாலயே தெரிஞ்சா ஹில்டாகூட அடிச்சுடுவா. நம்ம கோச் அந்தப் பக்கம், அவருக்குத் தெரியறது பையனோட முதுகு மட்டும்தான்.

— இது எப்போ கண்டுபிடிச்சே?

— மே மாசம்.

— மே மாசமா! இப்போ ஜூலை முடியப் போகுது. ஏன் அவன்கிட்ட சொல்லல?

— சொன்னா திருத்திப்பான்.

— அதுக்குத்தானே சொல்லணும்!

— திருத்திட்டா அவனை யாராலயும் அடிக்க முடியாது, நோரீன். அந்தக் கை அப்படிப்பட்ட கை. பத்தே நாள்ல மேல தூக்கிடுவாங்க. நான் என்ன பெருசா கேட்டேன்? இந்த ஒரு சம்மர் மட்டும் இருக்கட்டும்னு நினைச்சேன். கொஞ்சம் அடி வாங்கட்டும், ரொம்ப வேணாம், ரெண்டுங்கெட்டானா இருக்கட்டும். செப்டம்பர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவங்க வீட்டுக்கே அனுப்பற அளவுக்குப் போகும்னு எனக்குத் தோணவே இல்ல.

— தோணலையா? தினமும் ரேடியோவுக்குப் போன் போட்டு ‘இவனைத் தூக்கு, அவனை மாத்து’ன்னு கத்தறவனுக்குத் தோணலையா?

— அவனைப் பத்தி ஒரு தடவைகூடக் கத்தினது இல்ல.

— அவனைப் பத்திப் பேச வேண்டிய ஒரே ஆள் நீ. நீதான் வாயே திறக்கல.

— நான் கெட்டவன்னு நினைக்கிறியா?

— நீ தனியா இருக்கப் பயப்படறவன். அது எனக்குக் கல்யாணத்தப்பவே தெரியும். இருக்கட்டும், அங்க பாரு. இப்போ எறியற நம்ம ஆளு மறுபடியும் ஒருத்தனை சும்மா பேஸுக்கு விட்டுட்டான். மூணு பேஸும் நிரம்பிப் போச்சு.

— ஒருத்தன்கூட அவுட் இல்ல. மேனேஜர் எந்திரிக்கிறார். இந்தப் பக்கம்தான் கை காட்டறார். நோரீன், எலாடியோவைத்தான் கூப்பிடறார்!

— வேலிகிட்ட போ. அவன் கை சூடாக்கிட்டு இருக்கும்போதே சொல்லு.

— இப்போ போய் எப்படி...

— எந்திரி, ஆர்லன்.

— எலாடியோ! தம்பி! இங்க வா. பந்தைக் கீழ வச்சிட்டு ஒரு நிமிஷம் இங்க வா.

— டோன் ஆர்லன்? என்ன? மழையா?

— மழை இல்ல. கேளு. உன் கிளவுஸ். வளைபந்துக்கு விரலை வைக்கும்போது இப்படி விரியுது. பாரு, இப்படி. வேகத்துக்கு விரியறது இல்ல. அதனாலதான் அடிக்கிறானுங்க. உன் பந்து மேல தப்பே இல்ல. உன் பந்து தங்கம். முதல்லயே விரிச்சு வச்சுக்கோ, ரெண்டுக்கும் ஒரே மாதிரி. புரியுதா?

— ஓ! கிளவுஸ்! அப்படியா! ஆச்சரியமா இருக்கு, டோன் ஆர்லன்!

— ஆச்சரியம் இருக்கட்டும். இன்னொண்ணு சொல்லணும். எனக்கு இது மே மாசத்துலயே தெரியும். சொல்லல. நீ போயிடுவேன்னு சொல்லல. நீ கீழ் ரூம்ல பாடிட்டே பல்லு தேய்க்கிறது, காலையில என்கூட ரேடியோ கேக்கறது, அதெல்லாம் போயிடும்னு... என்னை மன்னிச்சுடு. நான் பண்ணினது அயோக்கியத்தனம்.

— டோன் ஆர்லன், அழாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். புறாதானே பாக்குது.

— எனக்கு அப்பா இல்ல. தெரியும்தானே? மே மாசம் முடிஞ்சுது. நீங்க சொல்லிட்டீங்க. போதும். நான் போறேன், மேனேஜர் கூப்பிடறார்.

— போ. விரிச்சே பிடி. மூடாதே!

— என்ன, சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். நோரீன், தள்ளி உக்காரு.

— இந்தா, தண்ணி குடி. எறியப் போறான்.

— கிளவுஸ் விரிஞ்சிருக்கு. வளைபந்து. எழுதி வச்சுக்கோ, வளை... இல்ல! வேகம்! அடிக்கிறவன் பேட்டை வீசவே இல்ல!

— முதல் தடவையா தப்பா சொன்னே.

— மறுபடியும் விரிஞ்சிருக்கு. வேகம்தான்... ஐயோ, வளைஞ்சுது! ஆளு சுத்தி விழப் பாத்தான்! எனக்குத் தெரியல, நோரீன்! எனக்கே எது வருதுன்னு தெரியல!

— கத்து. இப்போ கத்து, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— ஸ்ட்ரைக்! ஒருத்தன் காலி! கெளுத்திடா நாங்க!

— அடுத்தவன் மேல தூக்கி அடிச்சுட்டானே... கேட்சர் கீழயே நிக்கிறான்... பிடிச்சுட்டான்!

— ரெண்டு. எதிர் டீம் மொத்தமும் இப்போ அவன் கிளவுஸையே பாக்குது. பாருங்கடா, நல்லா பாருங்க. விரிஞ்சே இருக்கு, இப்போ சொல்லுங்க பாப்போம்! வேகம்... வேகம்... வளை... அவுட்! மூணு பேரும் பேஸ்லயே நிக்கிறானுங்க! ஒருத்தன்கூட வீடு வந்து சேரல!

— பின்னாடி பாரு, ஆர்லன். வைக்கோல் தொப்பி எந்திரிச்சுட்டார். துப்பாக்கியைப் பையில போட்டுட்டு மேனேஜர் பக்கமா போறார்.

— சிரிக்கிறான். அந்தக் கடன்காரன் சிரிக்கிறான். அப்போ இன்னிக்கே எலாடியோ போயிடுவான்.

— ஆமா. போயிடுவான்.

— வீடு வெறிச்சுன்னு இருக்கும், நோரீன்.

— இருக்கும். நானும் இருக்கேன், ஞாபகம் வச்சுக்கோ.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. விரல் பழக்கம் அவ்வளவு சுலபத்துல மாறாது. போன வாரம்வரைக்கும் மூடித் திறந்துட்டு இருந்தவன். நான் சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஒரு பந்துலகூடத் தப்பல, பிறந்ததுல இருந்தே அப்படி எறியறவன் மாதிரி எறியறான். அது எப்படி?

— நீ முனகறப்போ நீ எங்க பாக்கறேன்னு நானும் பாத்தேன். கராஜ் பின்னால தொம் தொம்னு என்ன சத்தம்னு நினைச்சே? இந்தக் கட்டு ஊறுகாய் பாட்டில்ல வந்தது இல்ல. ஒரு வாரமா அவன் எறிஞ்சு பழகினான், நான் பிடிச்சேன்; மெதுவாத்தான் எறிஞ்சான், எனக்குத்தான் வயசாயிடுச்சு. அவன் பெட்டியைக்கூட காலையிலயே கட்டி வச்சுட்டேன்.

— நீயா! அப்போ அவனுக்கு முன்னாலயே தெரியுமா? நான் வேலியைப் பிடிச்சிட்டு அழும்போது ‘அப்படியா, ஆச்சரியமா இருக்கு’ன்னானே!

— நான்தான் சொல்லி வச்சேன். ‘கண்டுபிடிச்சது அவர், அவரே வந்து உன்கிட்ட சொல்வார், அப்போ முதல் தடவை கேக்கற மாதிரி கேட்டுக்கோ’ன்னு. ஒரு வாரமா தினமும் சாப்பாட்டு மேசையில உன் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தான் பாவம்.

— அவனுக்குத்தான் தெரிஞ்சு போச்சே, நோரீன். அப்புறம் எதுக்கு என்னைப் போய் சொல்ல வச்சே?

— நீ சொல்லாமலே அவன் போயிருந்தா, அடுத்த ஏப்ரல்ல இந்த சீட்டுல உன்னால உக்கார முடியாது, ஆர்லன். எனக்கு அவன் மேல போகணும், நீ இங்கயே இருக்கணும்.