கூட வந்தவர் சித்தப்பா

மேடையில் வீற்றிருக்கும் போதை மறுவாழ்வு இல்லத்தின் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே! ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே! கணவரைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சியே! முன்வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் பின்சுவரோடு ஒட்டி நிற்கும் பிள்ளைகளே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் மறுவாழ்வு இல்லத்தின் வாட்ச்மேன். இதை நானே எழுதி நானே வாசிக்கிறேன். எழுத்துக் கூட்டக் கற்றதே இப்போதுதான், அதனால் மெதுவாகத்தான் வரும். துக்கத்தில் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் 'சித்தப்பா' என்று என் கையால் எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டிய மனிதர் நமக்கெல்லாம் எப்படிச் சித்தப்பா ஆனார்? எங்கள் இல்லத்தில் ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரர் கூட வராமல் யாரையும் சேர்ப்பதில்லை. ஒருமுறை, ஊசிப் பழக்கத்தை விட வேண்டும் என்று அழுத ஒரு பையனை அவர் கூட்டிவந்தார். "நீங்க யாரு?" என்று உள்ளே கேட்டார்கள். "வண்டி டிரைவருங்க" என்று உண்மையைச் சொன்னார். "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு தேடிப் போனார். "ஆம்பளையோட சுத்துறவன் எனக்குப் புள்ளையே இல்ல" என்று அப்பா கதவைச் சாத்தினார். அடுத்த வாரம் அதே பையனை அதே வண்டியில் பிணமாக ஏற்றினார்.

அதன்பின் எங்கள் அலுவலகத்தில் அவர் உண்மையே பேசவில்லை!

"கூட யாரு வந்திருக்கா?"

"நான்தாங்க. சித்தப்பா."

ஒருநாள் ஆபீஸ் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, போன வாரமும் சித்தப்பா, இந்த வாரமும் சித்தப்பா. உங்க அண்ணனுக்கு மொத்தம் எத்தனை புள்ளைங்க?"

"அதை ஏம்மா கேக்குறீங்க, அந்தாளுக்கு வேற வேலையே இல்ல."

சற்று முன் கண்காணிப்பாளர் ஐயா பேசினார். கெட்ட சகவாசம், புது மோகம், அதனால்தான் இந்தப் பிள்ளைகள் போதைக்குப் போகிறார்கள் என்றார். ஐயா, அவர்களிடம் யாராவது கேட்டீர்களா? சித்தப்பா கேட்டார். வாசல் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். வாசல் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதிலும் அது விழுந்தது. யார் சொன்னது என்று நான் கை காட்ட மாட்டேன். சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

ஆணை விரும்பும் ஒரு பையன் சொன்னான்: "வீட்ல சாப்பிட உக்காரும்போதே ஆரம்பிச்சிடுவாங்க சித்தப்பா. ரெண்டு மாத்திரை போட்டுட்டு உக்காந்தா எதுவும் காதுல ஏறாது." இன்னொருவன் சொன்னான்: "எங்களை மாதிரி ஆளுங்க பயமில்லாம சிரிச்சுப் பேச ஒரே ஒரு ரூம்தான் இருந்துச்சு. அந்த ரூம்ல அதுவும் இருந்துச்சு." ஆண் என்று வளர்க்கப்பட்ட ஒரு பெண் சொன்னாள்: "கண்ணாடியில தெரியிறவன் நானில்ல. அவனோட குடித்தனம் நடத்தணும்ல?"

ஒரு குறும்புக்காரன், "சும்மா ஜாலிக்குத்தான் சித்தப்பா" என்றான். அவர் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஜாலிக்குத் தொடுற புள்ளைங்க எல்லா வீட்லயும் இருக்குங்கண்ணே. அதுங்க விழுந்தா தூக்கி உள்ள படுக்க வைக்க ஒரு வீடு இருக்கு. இவன் விழுந்தா ரோடுதான்."

இது மோகமா? வீடு துரத்துகிறது, வேலை துரத்துகிறது. கடைசியில் மருந்து கொடுக்க வேண்டிய இடமும், துரத்திய அதே வீட்டுக்குப் போய் ஆள் கூட்டிவரச் சொல்கிறது! போதை விற்கிறவன் மட்டும்தான் கூட யாரு என்று கேட்பதில்லை.

இன்று அவர் படத்துக்குக் கீழே 'மனிதநேயச் செம்மல்' என்று எழுதியிருக்கிறது. வாசித்தேன். எழுத்துப்பிழை இல்லை. ஆனால் போன மாதம்தானே, பொய் சொல்லி ஆள் சேர்க்கிறார், உள்ளே விடாதே என்று எனக்கு உத்தரவு போட்டீர்கள்? எனக்குக் கண் மங்கல், ஐயா. அவ்வளவு பெரிய வண்டி ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

நெஞ்சைப் பிடித்த நேரத்திலும், பின்னால் கிடந்த நோயாளிக்காக வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார் நம் சித்தப்பா. அவர் போய்விட்டார். சட்டம் போகவில்லை. நேற்று ஒரு பெண் வந்தாள். ஒரு தோழியை உயிராக நினைத்தவளை இழுத்துவந்து ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவன் அறைக்குள் போகும் தைரியத்துக்காகப் போதை மாத்திரையைத் தொட்டாள், இப்போது விட முடியவில்லை. விட வேண்டும் என்று தானாக வந்தாள். பெண்கள் பகுதியில் கட்டில் காலி. "புருஷனைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினோம். எங்கே போவாள்?

அவள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். அம்மா, நீ எழுந்து நிற்க வேண்டாம், யாரும் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். எல்லோரும் கலைந்ததும் என்னோடு வா, உள்ளே வரைக்கும் நானே வருகிறேன். சித்தப்பாவைவிட நான் மூத்தவன். கூட யார் வந்திருக்கிறார் என்று கேட்டால் பெரியப்பா என்று சொல். உனக்கு மட்டுமல்ல, பின்சுவரோடு நிற்கும் அத்தனை பேருக்கும் நான் பெரியப்பா. இது அவர் படத்துக்கு முன் நான் எடுக்கும் உறுதி.

கண்காணிப்பாளர் ஐயா, சொந்தக்காரனும் வாட்ச்மேனும் ஒரே ஆளாக இருப்பது உங்கள் சட்டத்துக்கு ஆகாது என்றால், வாசலுக்கு வேறு ஆள் பாருங்கள்.