பெட்டையை ஓட விடாதேங்கோ

இல்லை அங்கிள், கடத்தேல்லை. என்ரை அக்காவை ஒருத்தரும் கடத்தேல்லை. அரபிக்காரன் ஜீப்பிலை தூக்கிக்கொண்டு போனவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? ஜெயகௌரி அன்ரியோ? உங்கடை கூடப்பிறந்தவ, அக்காவுக்கு மாமியா வரப்போறவ எண்டு பாக்காமல் சொல்லுறன், குறை நினையாதேங்கோ, பொய். அங்கை ஒரு அரபிக்காரனும் நிக்கேல்லை. நிண்டதெல்லாம் தமிழர். அதுதான் பிரச்சினையே.

உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தை உதிலை விடுங்கோ, பறுவாயில்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை. அன்ரியோடை கதைச்சுச் சமாதானமாகுவம் எண்டு விம்பிள்டனுக்குப் போட்டினம். நீங்கள் அங்கையிருந்து ரெய்னர்ஸ் லேனுக்கு வாறியள், அவை இஞ்சையிருந்து அங்கை. வழியிலை ரெயினுக்கு ரெயின் கையாட்டியிருப்பியள். அக்கா ஷிப்டிலை. நான் வீட்டிலைதான், ஏ லெவல் முடிச்சிட்டன், யூனிக்குப் போகேல்லை. ஏன் எண்டு கேளாதேங்கோ, எல்லாரும் கேட்டு முடிச்சிட்டினம்.

மாமா எண்டு கூப்பிடலாமோ? வேண்டாம், கலியாணம் நடந்தால் பாப்பம். இப்ப அங்கிள் போதும்.

நீங்கள் ஒரு கேள்விதானே கேக்க வந்தனீங்கள். அக்கா தெரியாமல் போனவளோ, வேணுமெண்டே போனவளோ எண்டு. வேணுமெண்டு போனவள் எண்டால் கலியாணம் இல்லை, வாற மாசம் மண்டபமும் இல்லை. அதுக்குப் பதில் எனக்குத்தான் தெரியும். ஏனெண்டால் டுபாய்ப் பாலைவனத்திலை அந்த நாலு சில்லு பைக்கிலை அவவுக்குப் பின்னாலை இருந்தது நான்.

ஓம், நான். அன்ரி அதைச் சொல்லேல்லையோ? என்னை அங்கை ஆள் எண்டே கணக்கில்லை.

சரி, முதலிலையிருந்து சொல்லுறன். தாலிக்கொடிக்குத் தங்கம் எடுக்கத்தான் ரெண்டு குடும்பமும் டுபாய் போனது. எடுத்தாச்சு. பிறகு சும்மா ஹோட்டலிலை இருக்கிறதோ எண்டு மாப்பிள்ளை யனுஷன் அண்ணா பாலைவனத்திலை பைக் ஓடுற ரூர் ஒண்டு புக் பண்ணினவர். இங்கிலீஷ் கைட், ஹிந்தி கைட் எல்லாம் இருந்தது. அம்மாதான் நிண்டு தமிழ் கைட் வேணும் எண்டவ. இங்கிலீஷ் கைட் எடுத்திருந்தால் நீங்கள் இண்டைக்கு மெனக்கெட்டு வரத் தேவையில்லை.

கைட்டின்ரை பேர் முனியசாமி. ராமநாதபுரம். சரியான நல்ல மனிசன். அந்த ஆளைத்தான் இப்ப அன்ரி பொலிசிலை குடுக்கோணும் எண்டு நிக்கிறா. எல்லாருக்கும் ஹெல்மெற் தந்து, மூஞ்சியைச் சிவப்புத் துணியாலை சுத்திவிட்டவர். அப்பா கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்தவர், ஃபோட்டோவுக்காம். கோட்டுக்கு மேலை ஹெல்மெற். ஆரோ வங்கியைக் கொள்ளையடிக்க வந்த மாதிரி இருந்தார்.

அக்கா என்ன வேலை எண்டு உங்களுக்குத் தெரியுமெல்லோ? போக்குவரத்துத் துறையிலையோ? அப்பிடியோ அன்ரி சொல்லி வைச்சிருக்கிறா? அங்கிள், அக்கா பஸ் ஓடுறவ. டபுள் டெக்கர். மாடி பஸ். ஹரோவிலை இறங்கி பஸ் எடுத்திருந்தியள் எண்டால் அவவே உங்களைக் கொண்டுவந்து இறக்கியிருப்பா.

அப்ப, பைக் குடுக்கிற நேரம் அன்ரி கைட்டைத் தனியக் கூப்பிட்டவ. நான் பக்கத்திலை நிண்டு துணியைக் கட்டிக்கொண்டிருந்தனான், வடிவாக் கேட்டது. தம்பி, உந்த நீலச் சட்டைப் பெட்டையை ஓட விடாதேங்கோ. கலியாணம் கிட்டுது, விழுந்து கிழுந்தால் ஆர் பதில் சொல்லுறது? என்ரை மகனுக்குப் பின்னாலை இருத்துங்கோ எண்டா.

நாங்கள் கார் ஓடுறம், பஸ் ஓடுறம் எண்டு சொல்லுவம். இந்தியாக்காரர் ஓட்டுறம் எண்டுதான் சொல்லுவினம். அவைக்கு ஓடுறது எண்டால் காலாலை ஓடுறது. பொம்பிளைப்பிள்ளை ஓடுறாள் எண்டால் வீட்டை விட்டு ஓடுறாள். ஒரே ஒரு ட் குறைஞ்சதாலை என்ரை அக்கா பாலைவனத்திலை காணாமல் போனவ.

கைட் திடுக்கிட்டுப் போனார். ஓடிடுமாம்மா எண்டு கேட்டார். அன்ரி சொல்லுறா, விட்டால் ஓடிடுவா தம்பி, அவவுக்கு அதுதான் தொழில், ஒவ்வொரு நாளும் ஓடுறா. தினமுமா எண்டார். ஓம், விடியப்புறம் ஓடினால் இருட்டினாப் பிறகுதான் வீட்டுக்கு வருவா எண்டா. ஓடிட்டு திரும்பியும் வந்திருதா எண்டு கேட்டார் அந்த மனிசன். வராமல்? பசிக்குமெல்லோ எண்டா அன்ரி.

சிரிக்கிறியள். சிரியுங்கோ, எனக்கும் சிரிப்புத்தான்.

பிறகு அவர் யனுஷன் அண்ணாட்டைப் போனவர். சார், மாப்பிள்ளை நீங்களா, பொண்ணு ஓடுமாமே எண்டு மெல்லமாக் கேட்டார். அண்ணாவுக்குப் பெருமை. ஓமோம், சோக்கா ஓடுவா. எனக்கு ஓட வராது, ரெண்டு தரம் ரெஸ்ட் ஃபெயில். அவதான் என்னையும் ஏத்திக்கொண்டு ஓடுறவ எண்டார். கைட் கொஞ்ச நேரம் வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர்.

இல்லை, நான் ஏன் விளங்கப்படுத்தேல்லை எண்டால், எனக்கே அப்ப விளங்கேல்லை. ஆள் ஒரு மாதிரி எண்டுதான் நினைச்சனான். இந்தியாப் படம் பாத்துத்தானே வளந்தனீங்கள் எண்டு கேக்கிறியள். படத்திலை ஹெல்மெற்றுக்குள்ளாலை, எஞ்சின் சத்தத்துக்குள்ளை கதைக்கிறேல்லை அங்கிள்.

இதிலை ஒண்டு சொல்லோணும். அக்கா யனுஷன் அண்ணாவைப் பாத்து, அன்ரி இப்பிடிச் சொல்லுறா, நீர் ஒண்டும் சொல்ல மாட்டீரோ எண்டு கேட்டவ. அவர் சொன்னார், விடும் லக்‌ஷி, கொஞ்ச நேரம்தானே, அம்மாவின்ரை மனம் நோகாமல் பின்னாலை இரும். அக்கா ஹெல்மெற் கண்ணாடியைக் கீழை இழுத்துவிட்டா, டப் எண்டு. குறையாச் சொல்லேல்லை, அண்ணா நல்ல மனிசன். எனக்கு ஹெட்ஃபோன் வாங்கித் தந்தவர். நடந்ததைச் சொல்லுறன், அவ்வளவுதான்.

கைட் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். அவருக்கு மூண்டு தங்கச்சிமார். பெட்டையைக் கட்டாயப்படுத்திக் கலியாணம் கட்டிவைக்கப் போகினம், பாலைவனத்திலைகூடக் காவல் போட்டிருக்கினம் எண்டு முடிவே கட்டிட்டார். ஹெல்மெற் வாரை இறுக்கிற மாதிரி அக்காட்டை வந்து, பயப்படாதீங்க சிஸ்டர், ஓடணுமா எண்டார். அக்கா ஓம் எண்டா. அவர் அதை மந்திரம் எண்டு நினைச்சிட்டார். பாவம், சாமியைக் கூப்பிடுது எண்டு. தானும் கண்ணை மூடி ஓம் எண்டார். அக்கா சொன்னா, எனக்கு ஓட எவ்வளவு ஆசை தெரியுமோ அண்ணை, இவையள்தான் விடுகினமில்லை. அந்த ஆளுக்குக் கண் கலங்கிட்டுது. நான் இருக்கேன் சிஸ்டர் எண்டார்.

பைக் எடுக்கிற நேரம் அன்ரிட்டைப் போய், பொண்ணு என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும், அப்பதான் பத்திரம் எண்டு சொல்லி, அக்காவைத் தன்ரை பைக்கிலையே ஏத்தினார். அதுதான் இருக்கிறதுக்குள்ளை வேகமான பைக். அன்ரிக்கு நல்ல சந்தோசம். கொஞ்சத்தூரம் போனாப் பிறகு ஒரு பெரிய மண் மேட்டடியிலை எல்லாரையும் நிப்பாட்டி, ஃபோட்டோ எடுக்கலாம் எண்டார். அன்ரி சீப்பெடுத்துத் தலையிழுக்க, அப்பா கோட்டைத் தட்ட, அவர் அக்காட்டை வந்து மெல்லமா, நேரா போங்க, மேட்டுக்கு அந்தப் பக்கம் நம்ம பையன் ஜீப்போட நிக்கிறான், திரும்பிப் பாக்காதீங்க எண்டு சொல்லிட்டு இறங்கிட்டார். அக்கா நினைச்சா, வடிவா ஓடுற ஆக்களுக்கு வேறை ரூட் இருக்காக்கும் எண்டு. நானும் ஏறிக்கொள்ளட்டோ எண்டு கேட்டன். நீயாவது அக்காவுக்குத் துணையா இருக்கியேப்பா எண்டு முதுகிலை தட்டிவிட்டார். பள்ளிக்கூடத்திலை ஒரு வாத்தியும் எனக்கு அப்பிடித் தட்டினதில்லை.

போனம் அங்கிள். உங்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தேலாது. இஞ்சை அவவுக்கு மணிக்கு இருபது மைலுக்கு மேலை போகேலாத ரோட்டு, ஒவ்வொரு ஸ்டொப்பும், பெல்லும், பிள்ளையளை வைச்சுத் தள்ளுற புஷ்செயாரும், சண்டையும். அங்கை ஒரு லைட் இல்லை, ஒரு ரவுண்டபவுட் இல்லை. மேட்டிலை ஏறி உச்சியிலை வைச்சு ஒரு துள்ளல், என்ரை குண்டி சீற்றிலையே இல்லை. வாயெல்லாம் மண். அக்கா கத்துறா. என்ன கத்தினா எண்டு கேட்டால் ஒண்டுமில்லை, சும்மா ஆஆ எண்டு.

அங்காலை நடந்தது அப்பா சொன்னது. ஃபோட்டோ முடிய, கைட் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டு, பொண்ணு ஓடிருச்சு, இனிமே உங்களால புடிக்க முடியாது எண்டாராம். அப்பா, ஆர் ஓட விட்டது எண்டு கத்த, நான்தான் எண்டாராம். அம்மாவுக்கு அக்கா விழுந்திடுவாளோ எண்டு பயம். ஆறுதலா ஓடினவளோ தம்பி எண்டு கேட்டவவாம். மெதுவாவோ எண்டுதான் கேட்டது. கைட், ஆமாம்மா, அவங்களுக்கு ரொம்ப ஆறுதலா இருந்திச்சு, ஒரு பெத்த தாய் நீங்க இப்பவாச்சும் கேட்டீங்களே எண்டு கையெடுத்துக் கும்பிட்டாராம். அதோடைதான் அன்ரி மணலிலை விழுந்து குழறி அழத் தொடங்கினவ, பெட்டை ஓடிட்டாள், பெட்டை ஓடிட்டாள் எண்டு. யனுஷன் அண்ணா என்ன செய்தவர் எண்டு அப்பாட்டைக் கேட்டன். அன்ரியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவராம்.

அங்கை நாங்கள் மேட்டாலை இறங்கினால் ஜீப் நிக்குது. கதவு திறந்தபடி. கைட்டின்ரை மச்சான் பெடியன், கையிலை ஒரு கறுத்த அபாயா, தன்ரை பொஞ்சாதியின்ரையாம், வேஷம் மாத்த. சிஸ்டர், போலீஸா, எம்பசியா, சீக்கிரம் சொல்லுங்க எண்டான். அக்கா கேக்கிறா, சாப்பாடு இஞ்சையோ எண்டு. அப்பதான் ஒவ்வொண்டா வெளியிலை வந்தது. ஓடுறது எண்டால் ஓட்டுறது எண்டு அவனுக்கு விளங்க, அவன் தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருந்திட்டான். அக்கா சிரிச்சுச் சிரிச்சு மணலிலை உருண்டவ. நான் வீடியோ எடுத்தனான். காட்ட மாட்டன்.

பிறகு ஏன் உடனை வரேல்லையோ? அதுதானே நீங்கள் கேக்க வந்தது.

ஃபோனுக்கு சிக்னல் இல்லை, ஜீப் வழி மாறிட்டுது எண்டு அக்கா சொன்னவ. என்ரை ஃபோனிலை சிக்னல் முழுசா இருந்தது அங்கிள். ஜீப் வழி மாறேல்லை. அந்தப் பெடியன் மன்னிச்சிருங்க சிஸ்டர், வாங்க, திரும்பக் கொண்டுபோய் விடுறேன் எண்டுதான் சொன்னவன். அக்கா சிரிப்பை நிப்பாட்டிட்டு நாங்கள் வந்த பக்கம் பாத்தா. மேட்டுக்கு மேலாலை எங்கடை ஆக்களின்ரை பைக் கொடியள் தெரிஞ்சது, சின்னனா, சிவப்பா. கனநேரம் பாத்தா. பிறகு சொன்னா, அண்ணை, இன்னும் கொஞ்சத்தூரம் போவமோ?

எங்க சிஸ்டர் எண்டான். எங்கையெண்டில்லை எண்டா. நான் ஓடட்டோ எண்டு கேட்டா. அவனுக்கு இப்ப அந்தச் சொல்லு தெரியும்தானே, ஜீப் திறப்பைக் குடுத்திட்டான். ரோட்டுக்கரையிலை லொறிக்காரர் சாப்பிடுற கடை ஒண்டிலை பரோட்டா சாப்பிட்டம். அக்கா ஒரு பாகிஸ்தான் லொறிக்காரரோடை கிளச்சைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தா. அவ்வளவு கதைச்சதை நான் இந்த வீட்டிலை காணேல்லை. யனுஷன் அண்ணா ஃபோன் அடிச்சுக்கொண்டே இருந்தவர். ஃபோன் மேசையிலை அதிர்ந்து அதிர்ந்து பரோட்டாப் பிளேட்டிலை முட்டினது. அவ பிளேட்டைத் தள்ளி வைச்சா. ஃபோனை எடுக்கேல்லை.

கலியாணம் வேண்டாமோ எண்டு எனக்குத் தெரியாது அங்கிள். அதை என்னட்டைக் கேளாதேங்கோ. எல்லாரும் கைட்டைக் கேக்கினம், அம்மாவைக் கேக்கினம், என்னைக் கேக்கினம். அவவை ஒருத்தரும் கேக்கேல்லை. ஷிப்ட் முடிய வருவா, இருந்து கேளுங்கோ.

ஏன் இதெல்லாம் உங்களுக்குச் சொல்லுறன் எண்டு பாக்கிறியளோ? நீங்கள் பெல் அடிக்க முதல் அம்மா விம்பிள்டனிலையிருந்து ஃபோன் எடுத்தவ. சந்திரகுமார் அண்ணை அங்கை வாறாராம், நல்லதொரு தேத்தண்ணி போட்டுக் குடுத்து, பாஷைப் பிழைதான், பெட்டைக்கு ஒண்டும் தெரியாது, கடைசிவரைக்கும் தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு மேலை போ எண்டு. ரெண்டு தரம் திருப்பிச் சொல்ல வைச்சவ. ஓம் ஓம் எண்டனான்.

இன்னும் தேத்தண்ணிக்குக் கேத்திலைக்கூட வைக்கேல்லை.