எட்டாத பெடல்

— அக்கா, சொன்னா கேளுங்க. இந்த சைக்கிள் உங்க வீட்டுக்காரருக்குப் பெருசு.

— இருக்கட்டும் தம்பி. இதையே எடுத்துக்கிறேன்.

— கொஞ்சநஞ்சம் பெருசில்ல. பெடல் கீழ போறப்ப கால் எட்டாது.

— பாக்க நல்லா இருக்குல்ல?

— பந்தய வண்டியாச்சே, இருக்காதா? கார்பன் பாடி, ஒத்தக் கையால தூக்கலாம். ஆனா சட்டை வாங்குற மாதிரி குத்துமதிப்பா வாங்குற சமாசாரம் இல்ல இது. ஆளைக் கூட்டிட்டு வாங்க. ஸ்டாண்டுல ஏத்தி உக்கார வெச்சு, முட்டி மடங்குறது, கை ஊனுறது எல்லாம் பாத்து...

— அவரு வர மாட்டாரு.

— ஏன், வேலையா?

— நீ வித்துட்டுப் போயேன் தம்பி. வாங்குறவளுக்கே கவலையில்ல.

— பின்னால திட்டு எனக்குல்ல விழும். பந்தயத்துக்குத்தானே?

— ஆமா. முதல்ல நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். அதேதான்.

— நீச்சல்...

— அது முடிஞ்சுதாம். சைக்கிளுக்குத்தான் நிக்கிறாரு.

— நிக்கிறாருன்னா... எங்க?

— ஹால்லதான். தலையில ரப்பர் தொப்பி, கண்ணுல நீச்சல் கண்ணாடி. "எல்லாரும் கெளம்பிட்டாங்க, என் வண்டி எங்க"ன்னு ஒரே நச்சரிப்பு. எத்தனை தடவைதான் தரையைத் துடைக்கிறது, சொல்லு.

— தரை எதுக்கு?

— ஈரமா வந்து நின்னா? கல்யாணமானதுலேருந்து துண்டைக் கையில குடுத்தாதான் தலை துவட்டுவாரு. இப்ப குடுத்தாலும் வாங்குறதில்ல.

— அவரோட பழைய வண்டி... நான் அளவெடுத்துப் பூட்டிக் குடுத்ததுதான். அது என்னாச்சு?

— கண்ணு முன்னால இருக்க வேண்டாம்னு எங்கண்ணன் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டான். அதுக்கப்புறம்தான் இவரு வர ஆரம்பிச்சாரு.

— உக்காருங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். பைத்தியம்னு நெனைக்கிற. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு.

— இல்லக்கா. நீங்க யாருன்னு உள்ள வந்தப்பவே தெரியும். ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு சும்மா ஆழம் பாத்தேன். பந்தயத்தன்னைக்கு அவரு ஏரியிலேருந்து கரையேறவே இல்லன்னு ஊருக்கே தெரியும்... எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் கால் எட்டாது, கை எட்டாதுன்னே?

— எட்டாதுக்கா. அளந்தவன் சொல்றேன்.

— எப்பவோ அளந்தது.

— நேத்து அளந்தேன்.

— நேத்தா?

— கடையைத் தெறந்தா ஸ்டாண்டுல ஏறி உக்காந்திருந்தாரு. சீட்டெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்புறம் பழக்கதோஷம்... அளந்துட்டேன். உள்ள ஒரு வண்டி அவரு அளவுக்கே பூட்டி வெச்சிருக்கேன். கச்சிதமா இருக்கும். எடுத்துட்டுப் போங்க, பாவம், மிச்சப் பந்தயத்தை முடிச்சுக்கட்டும்.

— அவருகிட்ட அதைக் காட்டிட்டியா?

— இன்னும் இல்ல. ஏன்?

— காட்டாத தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். கச்சிதமா அமைஞ்சா ஏறிப் போயிடுவாரு. இந்தப் பெருசையே குடு... கால் எட்டாம என்கூடவே நிக்கட்டும்.